ஹலீம் கடையில் சிக்னல்

உடப்புசல்லாவை வீதியின் முடக்கில் இருக்கிறது ஹலீமின் கடை. மத்தியானமே இருட்டிக்கொண்டு வருகிறது. மூடுபனி வாசல் வரை வந்து நிற்கிறது. கோதுமை மா மூட்டைகளில் சாய்ந்து, மடியில் லெப்டொப்போடு சுதர்ஷினி உட்கார்ந்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்பவள். காய்ச்சலுக்கு லீவு போட்டு வீட்டுக்கு வந்தவளை, காலையில் தளம் முடங்கிய செய்தி எழுப்பிவிட்டது. புதிய மாணவர்கள் பதிவதற்கு இன்றுதான் கடைசி நாள். தோட்டத்து லய வீட்டில் இணையத்துக்குப் போதிய சிக்னல் இல்லாததால் சால்வையைப் போர்த்திக்கொண்டு இங்கே இறங்கி வந்திருக்கிறாள். முடங்கிய சேர்வருக்குப் பதிலாக இன்னொன்றைத் தானாகவே கட்டியெழுப்பும் நிரல் அவள் எழுதியதுதான். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. பிழையைத் திருத்தி மறுபடி ஓட விடுகிறாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மெல்ல நகர்கின்றன. தகரக் கூரையில் மழை விழத் தொடங்குகிறது. "இன்னும் தொறக்குதில்லையே அக்கா," என்கிறாள் ஹலீமின் மகள் இஷ்ரா. அதே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவள். போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வரும். பாத்துக்கிட்டே இரு," என்கிறாள் சுதர்ஷினி. "தொந்தரவு குடுக்காத மகள், அந்தப் புள்ளட மொகத்தப் பாரு," என்றபடி ஹலீம் இஞ்சித் தேத்தண்ணியை அவளருகே வைக்கிறார். மழை வலுக்கிறது. இஷ்ராவின் போனில் பக்கம் விரிகிறது. விவரங்களை நிரப்பி அனுப்புகிறாள். "பதிஞ்சிருச்சு வாப்பா." திரும்பிப் பார்த்தால், சுதர்ஷினியின் தலை மூட்டையில் சரிந்து கிடக்கிறது, தேத்தண்ணி தொடாமலே ஆறிப்போயிருக்கிறது. அவளுடைய போன் மேசையில் அதிர்கிறது. அலுவலகத்திலிருந்துதான். ஹலீம் கண்ணைக் காட்ட, இஷ்ரா எடுக்கிறாள். "அக்கா தூங்குறாங்க சேர்," என்கிறாள், தாழ்ந்த குரலில். "வேல முடிஞ்சிருச்சு. நானே பதிஞ்சு பாத்துட்டேன்."