மான் வாடிக்கையாளர்களே

ஜப்பானின் நாரா நகரில், சுற்றுலாப் பயணிகள் மான்களுக்குப் போடும் பிஸ்கெட் விற்கிற ஹொசோமி, கடை வாசலில் வைத்த புது ஆங்கிலப் பலகையைப் படித்துவிட்டு, அதை எழுதிய கனாகோவைக் கூப்பிட்டார்.

"டியர்னா 'அன்புள்ள'. நீ எழுதியிருக்கிற டியருக்கு என்ன அர்த்தம்?"

"மான், முதலாளி. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுத்து மாறிப்போச்சு."

"'மான் வாடிக்கையாளர்களே, பிஸ்கெட்டைக் காட்டி ஏமாத்தாதீங்க, மான் கடிக்கும்'னு இருக்கு. மானமே போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இன்னொரு தப்பு வந்தா வேற வேலை பாத்துக்கோ."

கனாகோ வெள்ளிக்கிழமை மாலை பலகையைத் திருத்தி, அகராதியோடு மூன்று முறை ஒப்பிட்டாள்.

சனிக்கிழமை மதியத்துக்குள் மானிடம் கடிபட்ட நான்கு பேர் கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். பலகையை ஒருவரும் கவனிக்கவில்லையாம்.

ஹொசோமி மறுபடி கூப்பிட்டார். அவள் அகராதியைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பலகையில எத்தனை தப்பு இருக்கு?"

"ஒண்ணுகூட இல்லை, முதலாளி. சத்தியமா."

"தப்பு இருந்த வரைக்கும் எல்லாரும் அதை நின்னு படிச்சாங்க, சிரிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க. ஒருத்தரும் கடி வாங்கல."

அவர் பெயின்ட் டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"போய் ஒரு தப்பு பண்ணிட்டு வா."