எதிர்வீட்டு வெளிச்சம்

சூளகிரி லைன் வீட்டில் ஜோதிமணி தனியாக இருக்கிறாள். கணவன் கோபிக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட். மறுபடியும் கதவு தட்டப்படுகிறது. கதவடி இடுக்கில் இரண்டு பேரின் கால் நிழல்கள் அசைகின்றன. "உன் வீட்டுக்காரருக்கு அடிபட்டுடுச்சும்மா, கதவத் திற," என்கிறது பழகாத ஆண்குரல். தாழ்ப்பாள் வரை போன கையை இழுத்துக்கொண்டு கோபிக்குப் போன் செய்கிறாள். "எனக்கு ஒன்னுமில்ல, திறக்காத! எதிர்வீட்டுச் சரசம்மாவக் கூப்பிடு," என்று பதறுகிறான். எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது. "சரசக்கா!" என்று ஜன்னல் வழியாகக் கத்துகிறாள். டிவி சத்தம் நிற்கிறது. பிறகு விளக்கும் அணைகிறது. வெளியே ஒருவன் சிரிக்கிறான். "போலீசு வந்துட்டிருக்குது!" என்று ஜோதிமணி அலறுகிறாள். சற்று நேரத்தில் பைக் கிளம்பும் சத்தம் தேய்ந்து மறைகிறது. கதவில் முதுகைச் சாய்த்து அவள் தரையில் உட்காருகிறாள். இருண்ட எதிர்வீட்டுக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் வருகிறது. "போயிட்டாங்களா, ஜோதி?"