பாவின் மறுமுனை

சிங்கப்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு விமானத்தில் நாலு மணி நேரம், அங்கிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் இன்னும் இரண்டு மணி நேரம் என்று தம்பி சிட்டிபாபு எழுதியிருந்தான். வெள்ளிக்கிழமை காலை ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பானாம்.

அன்று விடிந்ததுமே தேவகியும் கணவனும் மூன்று சேலை நெய்வதற்கான பட்டு நூல் பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கஞ்சி தெளித்தார்கள். அது காயும்வரை இரண்டு முனையையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூன்று சேலையும் பாழ். தெளித்து முடித்த கையோடு கணவன் காய்ச்சலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான்.

அவள் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் சிட்டிபாபு தெருவுக்குள் வந்தான். கையில் பெட்டி இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் போய் மறுமுனையைப் பிடித்தான்.

"நல்ல நேரத்துல வந்தடா!" என்றாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கஞ்சி காய்கிற நேரத்தில் யார் மணிக்கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்?

பாவு பாதி காய்ந்திருக்கும். எதிர்ப் பட்டுக்கடை முதலாளி வெளியே தலையை நீட்டினார்.

"தேவகிமா, உன் தம்பி சிங்கப்பூர்லேர்ந்து போன்ல பேசறான்! ப்ளேன் ரிப்பேராம், நாளைக்குத்தான் கெளம்புதாம். பாவு என்னா ஆச்சு, பாவு என்னா ஆச்சுன்னு கேட்டுக்கினே இருக்கிறான்."

தேவகி மறுமுனையைப் பார்த்தாள். பாவு தொய்யவில்லை.

"நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க. மெதுவாவே வரட்டும்," என்றாள்.

சரி என்பதுபோல, மறுமுனையிலிருந்து பாவு ஒருமுறை லேசாக இழுபட்டது.