போட்டுக்கொடுத்தது யார்?

"வெளிய வாங்கண்ணே. உங்க முகத்தைப் பாத்துக் கேக்கணும்."

ஸ்கூல் வேன்கள் நிற்கும் ஷெட். ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டிரைவரின் மனைவி அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்தார். முழங்கை வரை கிரீஸ்.

"என்னம்மா, இந்த நேரத்துல?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. காலையில வண்டி எடுக்க வந்த மனுஷன் வெறுங்கையோட வீட்டுக்கு வந்து நிக்கிறார். சாவியை வாங்கி வச்சுக்கிட்டாங்களாம். இனிமே ஸ்டியரிங் பக்கமே வரக்கூடாதாம்."

மெக்கானிக் பழந்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"கேள்விப்பட்டேம்மா."

"நீங்க சொல்லித்தானே அவங்களே கேள்விப்பட்டாங்க."

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கணவனுக்கு வலிப்பு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அதற்கப்புறம் இந்த மெக்கானிக்குக்குத்தான் தெரியும். பெற்ற தாயிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை.

மெக்கானிக்குக்குத் தெரிந்ததும் தற்செயல்தான். சில மாதங்களுக்கு முன்னால் இதே ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவன் வெட்டிய மரம் போலச் சாய்ந்தான். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றெல்லாம் ஒன்றுமில்லை. பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது, அவ்வளவுதான். மெக்கானிக் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயில் வழிந்த நுரையையும் ரத்தத்தையும் துடைத்தார். நினைவு திரும்பும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓடி வந்தவர்களிடம், "எண்ணெய்ல வழுக்கி விழுந்துட்டாம்பா, போய் வேலையைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு அவர் அண்ணன். அந்த முறையில் அவனுக்கு மச்சான். பெண் கொடுக்காமலே மச்சான் ஆன ஆள் என்று ஷெட்டில் கேலிகூட உண்டு.

"கூடப் பிறந்தவன்கூட இப்படித் தாங்கியிருக்க மாட்டான்னு அன்னைக்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேனே! இன்னைக்கு ஒரு குடும்பத்தோட வயித்துல அடிச்சிட்டீங்களே அண்ணே."

"நான் சொல்லலம்மா."

"வேற யாரு? நானா போய்ச் சொன்னேன்?"

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்றார்கள். "கூட இருந்தே குழி பறிக்கிறதுன்னா இதுதான்யா" என்று ஒருவர் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

மெக்கானிக்கின் முகம் சுருங்கிப்போயிற்று.

"என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன். நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல."

"பெத்த பொண்ணு மேல பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. அந்தப் பிள்ளையாவது நல்லா இருக்கட்டும்."

"அவரை விடு."

வாசலில் அவளுடைய கணவன் நின்றிருந்தான். காலையில் போட்ட காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவளைத் தேடி வந்திருந்தான்.

"மேனேஜர்கிட்ட சொன்னது நான்தான்."

"என்னன்னு சொன்னீங்க?"

"எனக்கு வலிப்பு இருக்குன்னு சொன்னேன். எப்ப வரும்னு எனக்கே தெரியாதுன்னும் சொன்னேன்."

அவள் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கோபம் போய் பயம் வந்தது. இனி என்ன செய்வது என்ற பயம்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? மாத்திரையைத் தவறாமத்தானே போடுறீங்க. வண்டி ஓட்டும்போது ஒரு தடவைகூட வந்ததில்லையே."

"வரல."

"அப்புறம் எதுக்கு? நம்ம பிள்ளைங்க வாயில மண்ணைப் போடச் சொல்லி எவன் உங்களுக்குப் புத்தி சொன்னான்?"

"யாரும் சொல்லல. இன்னைக்கு வராது, நாளைக்கும் வராதுன்னு நெனச்சு நானும் ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்." அவன் கொஞ்சம் தயங்கினான். "மச்சான் பொண்ணு என் வண்டியிலதான் வரும். எனக்கு நேர் பின்னாடி சீட்டு. ஏறுனதுலேர்ந்து இறங்குற வரைக்கும் தொணதொணன்னு பேசிக்கிட்டே வரும். போன வாரத்துலேர்ந்து அது வேற வண்டியில போகுது."

மெக்கானிக்கின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"அந்த வண்டி கொஞ்சம் சீக்கிரமா வருது மாப்ளே, அதான்..."

"இருக்கட்டும் மச்சான். உங்களைக் குத்தம் சொல்லல. உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் மெக்கானிக்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"வண்டி நிறையப் பிள்ளைங்க. தினமும் அப்பாமாருங்க கையாட்டி ஏத்திவிடுறாங்க. அவங்கள்ல என் சீக்கு தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். அவர் தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கிட்டார்."