கதவு திறக்கும் வேஷம்

“இந்த வருஷம் கதவைத் திறக்கிற வீடு என்னோடதா இருக்கணும், கிரிசெல்தா. வேற பேச்சே கிடையாது.”

தெருவே மரியாதையாகத் ‘தோன்’ போட்டுக் கூப்பிடும் எவரிஸ்தோ, கல்லாவை விட்டு எழாமலே சொன்னார். சிகாகோவின் அந்தத் தெருவில் மிளகாய் வற்றல் வாங்குவதென்றாலும் சோளமாவு வாங்குவதென்றாலும் அவர் கடைதான். எதிரே நின்ற கிரிசெல்தா, மெக்சிகோவிலிருந்தும் குவாதமாலாவிலிருந்தும் வந்து சேர்கிற குடும்பங்களுக்காகப் பங்குக் கோயில் சார்பில் ஓடியாடித் திரிகிறவள்.

அன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் பொசாதா ஊர்வலம். இரண்டு பேர் யோசேப்பு, மரியாள் வேஷம் கட்டி, தங்க இடம் கேட்டு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். முதல் இரண்டு வீட்டில் விரட்ட வேண்டும், மூன்றாவது வீட்டில் கதவைத் திறக்க வேண்டும். மூன்று வருஷமாக எவரிஸ்தோவுக்கு விரட்டுகிற வேஷம்தான். அவர் விரட்டினால் அவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதென்று பங்கே மெச்சியது.

ஆனால் இந்த முறை ஊர்வலத்தில் ஆயரே வருகிறார். கதவைத் திறப்பவர் கோட்டில் ‘குடியேறியோரின் தோழர்’ பதக்கத்தைத் தம் கையாலேயே குத்தப் போகிறார். அதைக் கேட்டதிலிருந்து எவரிஸ்தோவுக்குச் சோறு இறங்கவில்லை.

“அபுந்தியோ வீடுன்னு பேசி முடிச்சாச்சே, தோன்.”

“சவப்பெட்டி விக்கிறவன் வீடா? அவன் கதவைத் திறந்தா மாதா உள்ள வருவாளா, பயந்து ஓடுவாளா?”

“அவருக்குப் பெரிய மனசு.”

“எனக்குப் பெரிய வீடு! மூணு மாடி, ஆறு ரூம். நானும் நாயும் மட்டும்தான்.”

“போன மாசம் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு ரூம் கேட்டேன். கம்பளம் வெள்ளை, அழுக்காயிடும்னு சொன்னீங்களே.”

“அட, அது வேற, இது வேற. இது பக்தி விஷயம்!”

கிரிசெல்தா அசைவதாகத் தெரியவில்லை. அதற்குள் செல்போன் அடித்தது. எவரிஸ்தோ ஒரு விரலைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

“சொல்லு பெனிக்னோ. பின்தெருக் கீழ்வீடு காலியா? சாவி கைக்கு வந்துடுச்சா? பலே! நாளைக்கே பெயிண்ட் அடிக்க ஆள் விடு. வாடகையை ஏத்திடலாம்.” போனை வைத்துவிட்டு, “இந்தக் குடித்தனக்காரங்க தொல்லை இருக்கே…” என்றார்.

“யாரு தோன் குடியிருந்தாங்க?”

“யாருக்குத் தெரியும்? எல்லாம் பெனிக்னோ பாத்துக்குவான். நான் மூஞ்சிகூடப் பாத்ததில்ல.”

கிரிசெல்தா பையிலிருந்து ஊர்வலப் பட்டியலை எடுத்து, அபுந்தியோ பெயரை அடித்தாள்.

“சரி. உங்க வீடே இருக்கட்டும். அபுந்தியோகிட்ட நான் பேசிக்கிறேன்.”

எவரிஸ்தோ துள்ளி எழுந்தார். “அப்படிச் சொல்லு! ஆனா ஒண்ணு, எல்லாம் அசலா இருக்கணும். போன வருஷம் சோபா தலையணையை மூட்டைன்னு தூக்கிட்டு வந்தாங்க. மானமே போச்சு. ஆயர் கண்ணுல தண்ணி வரணும், புரியுதா?”

“அசலாவே இருக்கும், தோன்.”

சாயங்காலம் பனி கொட்டியது. இரண்டு வீட்டில் விரட்டப்பட்டு, மெழுகுவத்திகளோடு தெருவே எவரிஸ்தோ வாசலில் வந்து நின்றது. முன்னால் யோசேப்பு, பஞ்சுத் தாடியோடு. பக்கத்தில் முக்காடு போட்ட மரியாள். கழுதைக்குப் பதில் காகிதக் காது ஒட்டிய தள்ளுவண்டி. அதில் மெத்தை, சட்டி பானை, கயிறு கட்டிய பெட்டி, ஒரு தொட்டில்.

வண்டி தம் கடை வண்டி என்பது எவரிஸ்தோ கண்ணில் பட்டது. ‘திருட்டுப் பசங்க!’ என்று பல்லைக் கடித்தாலும் ஆயருக்காகச் சிரித்தார். மரியாளின் வயிற்றைப் பார்த்ததும் அந்தக் கோபமும் போய்விட்டது. ‘அடேயப்பா, துணியை எவ்வளவு திருத்தமாகச் சுற்றியிருக்கிறாள்!’

பாட்டு முடிந்தது. கதவை விரியத் திறந்தார். ஆயரைக் கண்டதும் நாக்கு சும்மா இருக்கவில்லை. பாட்டுக்காரர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, பாட்டில் இல்லாததையும் சேர்த்துக்கொண்டார்.

“உள்ள வாங்க! இது உங்க வீடு! எத்தன நாள் வேணாலும் இருங்க! மாதா சத்தியமா உங்கள யாரும் போகச் சொல்ல மாட்டாங்க!”

தெருவே கை தட்டியது. ஆயர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இருபத்துநாலாம் தேதி இங்க பூசைக்கு வருவேன், எவரிஸ்தோ. உங்க விருந்தாளிங்கள இதே வீட்ல பாக்கணும்!”

எல்லாரும் சிரித்தார்கள். அதில் எவரிஸ்தோவின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. பதக்கம் கோட்டில் ஏறியது.

சோளமாவில் அவித்த தமால் தீர்ந்து, சூடான பழரசமும் தீர்ந்து, ஆயரும் கிளம்பினார். கூட்டம் கலைந்தது. கடைசியாகக் கிரிசெல்தா, “வரேன், தோன். கடவுள் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அவசரமாகப் படியிறங்கினாள்.

எவரிஸ்தோ கண்ணாடியில் பதக்கத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் திரும்பினார். வெள்ளைக் கம்பளத்தின் மேல் வண்டி பனித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யோசேப்பும் மரியாளும் சோபாவின் நுனியில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“போதும்ப்பா, வேஷம் முடிஞ்சுது. மூட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.”

மரியாள் முக்காட்டை அவிழ்த்தாள். வயிறு அப்படியேதான் இருந்தது. யோசேப்பு பஞ்சுத் தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல் கேட்டான்.

“எந்த வீட்டுக்கு, தோன் எவரிஸ்தோ? கீழ்வீட்டுச் சாவியத்தான் மத்தியானமே உங்க பெனிக்னோ வாங்கிட்டாரே?”