முதுகுப் பக்கமா, வயிற்றுப் பக்கமா?

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டி, விரலால் தொட்டுக் காட்டினார். "இடுப்புகிட்ட இந்த எலும்பு முன்னால வழுக்கி நரம்பை நசுக்குது. இனிமே ஆபரேஷன்தான்."

கணவனின் முகம் வெளுத்தது. மனைவிதான் பேசினாள். "எப்படிப் பண்ணுவீங்க டாக்டர்?"

"ரெண்டு வழி இருக்கு. வயித்துப் பக்கமா போனா முதுகுத் தசைக்குச் சேதமில்ல, சீக்கிரம் தேறிடலாம். ஆனா பெரிய ரத்தக்குழாயை எல்லாம் ஒதுக்கணும். முதுகுப் பக்கமா போனா நரம்பை நேராப் பார்த்தே விடுவிக்கலாம். தசை ஆறத்தான் நாளாகும்."

"எதுல ரொம்ப நாள் ஓய்வு எடுக்கணும்?"

"முதுகுப் பக்கம்தான். மூணு மாசத்துக்குக் குனியக் கூடாது, ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாது."

"அப்ப அதையே பண்ணுங்க!"

"ஐயோ, வேண்டாம்!" கணவன் பதறினான். "சீக்கிரம் தேறுற வழியே போதும் டாக்டர்."

"இத்தனை வருஷம் என்னை ஆட்டிப் படைச்சீங்களே, இப்ப மட்டும் பயமா இருக்கா?" அவள் குரலில் இரக்கம் துளியும் இல்லை.

டாக்டர் குறுக்கிட்டார். "நரம்பு நசுங்கியிருக்கறதால நானும் முதுகுப் பக்கத்தைத்தான் சொல்வேன். நாளைக்கே அட்மிட் ஆயிடுங்கம்மா."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெல்ல எழுந்தாள்.

"கேட்டீங்கல்ல? படுக்கையில கிடக்கிற உங்கப்பாவை இனிமே நீங்கதான் தூக்கிக் குளிப்பாட்டணும். நான் வலிக்குதுன்னு அழுதப்ப எல்லாம் நடிக்காதேன்னு சொன்னீங்க. உங்களுக்கும் முதுகு வலிச்சா வந்து சொல்லுங்க, நானும் அதையே சொல்றேன்."