பலகையில் தொங்கிய சட்டை

மலையிடுக்கில் ஆற்றோரமாகவே நடந்து வந்தவன், மூன்றாவது அருவியைக் கண்டதும் சட்டையைக் கழற்றி எச்சரிக்கைப் பலகைமேல் மாட்டிவிட்டுப் பாறையில் இறங்கப் போனான்.

“நகரு, நகரு! நீ எழுத்தை மறைக்கிறே, அவன் படிக்கணும்,” என்று பதறியது பலகை.

“காத்தே இல்லை, எங்க நகர்றது? ஒரு குளியல்தானே, வந்துடுவான்,” என்ற சட்டை, தனக்குக் கீழே தெரிந்த கடைசி வரியைப் படித்தது. “‘இதுவரை இறந்தவர்கள் 17.’ எல்லாத்தையும் பெயின்ட்ல எழுதிட்டு, நம்பரை மட்டும் ஏன் சாக்பீஸ்ல எழுதியிருக்காங்க?”



வெயில் இறங்கியது. “இன்னும் காணோமே,” என்றது சட்டை.

வனக்காவலர் தலைகுனிந்தபடி ஏறி வந்தார். சட்டையை எடுத்துப் பதமாக மடித்தார். பிறகு கட்டைவிரலால் பதினேழைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.